பத்தொன்பது உடும்பன்

2024 நவம்பர் 9, சனி

பொழியூருக்குப் போய் நான்கு ப்ளவுஸும் ஒரு நைட்டியும் கொடுத்துவிட்டு வந்தேன். கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையின் இரண்டு முனையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, வலை அரைவட்டமாகச் சுருங்கிக் கரைக்கு வருவதை எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்குப் போதாது. நெத்தோலியும் கொஞ்சம் சாளையும் கிடைத்தது. உடும்பன் இல்லை. கடல் கேறி ரோட்டை எடுத்துப்போன இடத்தில் நின்று கடைசிவரை பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என் கையிலிருந்த நோட்டு என்ன என்று கேட்டாள். உடும்பன் கணக்கு என்றேன். அவளுக்கு உடும்பன் தெரியவில்லை. திமிங்கலச் சுறா, இந்த பஸ்ஸில் பாதிக்கு மேல் நீளம் வரும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மனுஷரைக் கடிக்காது, வாயைத் திறந்துகொண்டு கடலை வடிகட்டித் தின்று திரியும் என்றேன். டி.வி.யில் ஆளைப் பிடிக்குமே, அந்த வெள்ளைச் சுறாவா என்றாள். அது இங்கே வருவதில்லை, ஆனால் அதுதான் எனக்கு வழி காட்டியது என்றேன். அதற்குள் அவளுடைய ஸ்டாப் வந்துவிட்டது.

யாரும் முழுதாகக் கேட்பதில்லை. இந்த டைரியிலாவது எழுதி வைக்கிறேன்.

2008-ல் துணி பொதிந்து வந்த பழைய பத்திரிகைத் தாளில் படித்தேன். தென்னாப்பிரிக்கக் கரையில் கருவி பொருத்தி விட்ட ஒரு பெண் வெள்ளைச் சுறா ஆஸ்திரேலியா வரை போய், ஒன்பது மாதத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. முதுகுத் துடுப்பின் விளிம்பில் இருந்த வெட்டுகளை வைத்து, இது அதே மீன்தான் என்று கண்டுபிடித்தார்கள். இருபதாயிரம் கிலோமீட்டர். கூட யாரும் இல்லை, ரோடு இல்லை, மைல்கல் இல்லை. தைக்க வேண்டிய துணி கீழே கிடக்க, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தையல் விளிம்பைப் பார்த்து இது யார் தைத்தது என்று நான் சொல்வேன். மீனின் விளிம்பைப் பார்த்து இது எந்த மீன் என்று சொல்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் பொழியூரில் என் முதல் உடும்பனைப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர்.

நவம்பர் 12

ஜிஜா என்று ஒருத்தி போனில் கூப்பிட்டாள். நெய்யாற்றின்கரையில் வாடகை அறை எடுத்துக் கடல் உயிர்களைக் கணக்கெடுக்கும் குழுவாம். கரமடிக்காரன் கிளீட்டஸ் சொன்னானாம், காரோட்டில் ஒரு டெய்லரக்கா உண்டு, பதினைந்து வருடமாக உடும்பன் எழுதி வைத்திருக்கிறாள் என்று. நோட்டைப் பார்க்க வேண்டுமாம்.

முடியாது என்று வைத்துவிட்டேன்.

2018-ல் இதே நோட்டைச் சேலைத் துணியில் பொதிந்து, இரண்டு பஸ் மாறி, பட்டணத்தில் ஒரு ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். உடும்பன் நம் கரைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, என்னிடம் ஆதாரம் உண்டு, பதிவில் ஏற்றுங்கள் என்றேன். இருந்தவர் இரண்டு தாள் புரட்டினார். "மீன் கணக்கு நாங்க பாத்துக்கலாம். அம்மை ப்ளவுஸ் கணக்கு பாருங்க" என்றார். பக்கத்து மேசையில் இருவர் சிரித்தார்கள்.

எட்டாம் வகுப்புவரை கொல்லங்கோட்டில் தமிழில் படித்தவள். அதற்குமேல் படித்ததெல்லாம் நானே தேடிப் படித்தது. அதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 13

ஆறு வருடம். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நவம்பர் 20

ஜிஜா நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், செருப்பில் மணல். நான் மிஷினை நிறுத்தவில்லை. அவள் நோட்டைக் கேட்கவில்லை. புள்ளியை எப்படித் தாளில் எடுப்பீர்கள் என்று கேட்டாள்.

இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மிஷினை நிறுத்தினேன்.

செவுளுக்குப் பின்னால் ஒரு முழம் இடத்தை மட்டும் பார்ப்பேன். எம்பிராய்டரி டிசைனை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து வீட்டில் வரைகிற கண் எனக்கு. பிரவுன் பேப்பரில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஊசியால் குத்துவேன். இரண்டு தாளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். ஒரே மீன் என்றால் எல்லாத் துளையிலும் வெளிச்சம் வரும். வேறு மீன் என்றால் இருட்டு.

ஜிஜாவுக்குப் பிடித்துக் காட்டினேன். 2010-ம் 2014-ம். முப்பத்தொரு துளையிலும் வெளிச்சம். அவள் எழுந்து கிட்ட வந்து துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

மொத்தம் பத்தொன்பது உடும்பன், அதில் மூன்று திரும்பி வந்தவை என்றேன்.

வலப்பக்கம் தெரிந்த மீனை எப்படி ஒப்பிடுவீர்கள் என்று கேட்டாள். தாளைத் திருப்பிப் பிடிப்பேன் என்றேன். ப்ளவுஸுக்குத் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தானே வரும். மீனும் அப்படித்தானே.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அக்கா, அதுக்க ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்காது. இடது வேற, வலது வேற. பத்தொம்பதுன்னு எங்களால எழுத முடியாது."

நான் எழுந்து நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பஸ் நாலே காலுக்கு உண்டு என்று சொன்னேன்.

நவம்பர் 21

தூக்கம் வரவில்லை. இவளும் அந்த ஆபீஸ்காரன் கூட்டம்தான். அவன் சிரிச்சான், இவ மெல்லச் சொல்லுகா, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனுஷருக்கு இடது கண் ஒரு மாதிரி வலது கண் ஒரு மாதிரியா இருக்கு? பட்டாம்பூச்சிக்கு? மயிலுக்கு? படைச்சவன் எல்லாத்தையும் மடிச்சு வெட்டினான், உடும்பனை மட்டும் தனித்தனியா வெட்டினானா? இதுக்கு ஒரு பட்டம், ஒரு வாடகை அறை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷன்; எதற்கும் ஒரு பதில் உண்டு. மீனுக்குத் தெரியுமாடி ஒனக்க சண்டை என்றார்.

டிசம்பர் 7, சனி

ஜிஜா கிளீட்டஸிடம் தண்ணீருக்குள் படம் பிடிக்கும் சின்னக் கேமரா ஒன்று கொடுத்திருக்கிறாள். உடும்பன் வலையில் பட்டால், வலையை வெட்டி அதை வெளியே விடுவதற்கு முன்னால் சுற்றி நீந்திப் படம் எடுக்க வேண்டும். அவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடக்கிறான்.

எனக்குப் பிடிக்கவில்லை. என் கரைக்கு அவள் வேறு வழியாக வருகிறாள்.

டிசம்பர் 18

நேற்று உடும்பன் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை, நான் போகாத நாள்.

கிளீட்டஸ் இன்று படத்தை போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். வலையின் மடியை மூன்று பாகம், அதாவது பதினெட்டடி நீளத்துக்கு வெட்டித்தான் அதை வெளியே விட்டார்களாம். பின்னித் தீர இரண்டு வாரம் ஆகும், அதுவரை அந்த வலை கடல் பார்க்காது. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான்.

இடப்பக்கப் படத்தைப் பார்த்துத் தாள் குத்தினேன். ஏழாம் நம்பர். 2015-ல் நான் பார்த்தது. எல்லாத் துளையிலும் வெளிச்சம். ஒன்பது வருடம் கழித்து இந்தக் கரைக்கே வந்திருக்கிறது. வலப்பக்கப் படத்தையும் குத்தி, திருப்பி, ஏழாம் நம்பர்மேல் வைத்தேன்.

இருட்டு.

மூன்று தடவை வைத்தேன். இருட்டுத்தான்.

டிசம்பர் 21, சனி

இன்று கரையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கிளீட்டஸ் வலை பின்னிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். நீ எடுத்தது ஒரு மீன் இல்லை, இரண்டு மீன் என்றேன். இடது ஏழாம் நம்பர், வலது வேறு ஒன்று. படத்தைக் கலந்துவிட்டாய், அல்லது அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி செய்திருக்கிறாய் என்றேன். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் பின்னல் ஊசியைக் கீழே வைத்தான்.

"டெய்லரக்கா, எனக்க வலையை வெட்டினது நானாக்கும். ஒரு மீனுக்கு வெட்டினேனா ரெண்டு மீனுக்கு வெட்டினேனான்னு எனக்குத் தெரியாதா?"

நான் விடவில்லை. தாள் பொய் சொல்லாது என்றேன்.

"ஒங்களுக்குக் கரையில நிண்ணு ஒரு பக்கம் பாக்கத்தான் தெரியும். அடுத்த தடவ வெள்ளத்தில எறங்கி சுத்தி வாருங்க. பிறகு நான் கள்ளனா இல்லியான்னு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

டிசம்பர் 25

கிளீட்டஸ் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சப்பம் வரும், இருபது வருடமாக. இன்று வரவில்லை.

2025 ஜனவரி 11, சனி

போனேன். தைத்ததைக் கொடுத்தேன். பெண்கள் பேசினார்கள், ஆண்கள் பேசவில்லை. கிளீட்டஸ் என்னைப் பார்த்ததும் வள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பூவார்ப் பக்கம் ஓர் உடும்பன் வந்து போனதாகப் பஸ்ஸில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் கிளீட்டஸ் போனிலோ வீட்டுக்கு வந்தோ சொல்லிவிடுவான்.

நான் சொன்னது சரி என்றால் ஏன் இப்படி இருக்கிறது?

ஏழாம் நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு பூட்டி வைத்தேன்.

ஜனவரி 25, சனி

குளிர் இன்னும் விடவில்லை. எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

ஏழு மணிக்கே கரையில் இருந்தேன். ஒன்பதரைக்குக் கயிறு கனத்தது. இழுத்தவர்களின் குதிகால் மணலில் புதைந்த ஆழத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கிளீட்டஸ் கையை உயர்த்தி இழுப்பை நிறுத்தினான். வலைக்குள் தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பு மெல்லத் திரும்பியது.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். சேலையை முட்டுக்கு மேலே தூக்கிச் சொருகி, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. நீந்தத் தெரியாது.

முதல் அலை முட்டில், இரண்டாவது வயிற்றில். மூன்றாவது ஆளையே தூக்கியது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கிளீட்டஸ். என் முகத்தைப் பார்க்காமலே, "வாலுப் பக்கம் போவாதீங்க. அடிச்சா எலும்பு மிஞ்சாது" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

பதினைந்து வருடம் உடும்பனைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்த்ததில்லை. கரையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் ஒரு முதுகும் ஒரு துடுப்பும், செவுளுக்குப் பின்னால் ஒரு முழமும். பக்கத்தில் நின்றபோது அது மீனாகவே தெரியவில்லை. மூச்சு விடுகிற ஒரு மதில். அதன் முடிவு தெரியவில்லை. கலங்கின தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தது. கை வைத்தேன். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு; அதற்கு அடியில் மெல்ல ஒரு அசைவு. செவுள் ஐந்தும் திறந்தன, மூடின. அவசரமே இல்லை. எங்கள் கரை முழுவதும் கத்திக்கொண்டிருக்க, அது மட்டும் ஏதோ நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்றைச் செய்வதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இடப்பக்கத்தை மனதில் ஏற்றினேன். செவுளுக்குப் பின்னால் மூன்று, அதற்குக் கீழே வளைந்து ஐந்து, பிறகு தனியாக ஒன்று.

கையை எடுக்காமலே அதன் தலையைச் சுற்றி வந்தேன். கண் ஒரு கோட்டுப் பொத்தான் அளவு. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண். நான் நெருங்கியதும் அது குழிக்குள் போய் மறைந்தது, பிறகு வெளியே வந்தது. என்னைப் பார்த்ததா? பார்த்தது என்றே எழுதுகிறேன். வாய் திறந்தபோது என் சேலை அதற்குள் இழுபட்டது. பயம் வரவில்லை. கோயிலில் நடை திறக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்துவார்களே, எனக்குள் எல்லாம் அப்படி நின்றது.

வலப்பக்கம் வந்தேன். கிளீட்டஸ் என் கையை விடவில்லை. நானும் மீனைவிட்டுக் கையை எடுக்கவில்லை. ஒரே மீன். இதில் யாரும் கலக்க ஒன்றுமில்லை.

அங்கே மூன்று இல்லை, ஐந்தும் இல்லை. இரண்டு இரண்டாகச் சிதறி முதுகுவரை ஏறிப்போகிற வேறு ஒரு வானம்.

அது மடித்து வெட்டிய துணி இல்லை.

வாய்க்குள் உப்பு போய் இருமினேன். எத்தனை மீன் அக்கா என்று கிளீட்டஸ் கேட்டான். அளவெடுக்கணும், டேப்பைப் பிடி என்றேன். பிடித்தான். ஐந்தடி டேப்; நாலரை டேப் நீளம்.

பிறகு கேமராவால் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, வலையை மறுபடி வெட்டினான். இந்த மாதம்தான் பின்னி முடித்த வலை. அது பாய்ந்து ஓடவில்லை. மெல்லத் தாழ்ந்து, ஒரு நிழலாகி, நிழலும் போயிற்று. அதன் மேல் கடல் மூடிக்கொண்டது.

ஜனவரி 26

காய்ச்சல். மிஷின் தொடவில்லை.

ஜனவரி 28

வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். என்னடி, ஒனக்க மீன் செத்துப்போச்சா என்றார். இல்லை, எனக்க கணக்கு செத்துப்போச்சு என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மோவாயைச் சொறிந்தார்.

"முன்வாசல்ல கேறின ஆளு பின்வாசல்ல எறங்கினா, நான் ரெண்டு ஆளுன்னா எழுதுவேன்?"

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று எழுந்து பீரோவைத் திறந்தேன்.

திரும்பி வந்தவற்றின் இரண்டாம் தாள்களை ஒதுக்கிவிட்டு, நம்பருக்கு ஒன்றாகப் பத்தொன்பது தாளையும் தரையில் பரப்பினேன். இடது ஒரு அடுக்கு, வலது ஒரு அடுக்கு. இடது பதினொன்று. வலது எட்டு. இந்த எட்டில் எது அந்தப் பதினொன்றின் மறுபக்கம், எது புது மீன் - எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாகத் தெரியாமலே தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஜனவரி மீனின் இரண்டு பக்கத்தையும் போனில் பார்த்துக் குத்தினேன். எதற்கு என்று தெரியாமல்தான் செய்தேன். கை சும்மா இருக்கவில்லை. இடது தாளை, இடது அடுக்கில் ஒவ்வொன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

நாலாம் நம்பர். எல்லாத் துளையிலும் வெளிச்சம்.

வலது தாளை வலது அடுக்கில் வைத்தேன். திருப்பாமல்.

பதினொன்றாம் நம்பர். எல்லாத் துளையிலும்.

நாலாம் நம்பர் 2012. பதினொன்றாம் நம்பர் 2017. நான் இரண்டு மீன் என்று எழுதி வைத்தது ஒரு மீன். நோட்டில் அளவைப் பார்த்தேன், வலைக்காரர்கள் என் டேப்பை வைத்து அளந்து சொன்னது. 2012-ல் இரண்டே முக்கால் டேப். 2017-ல் மூன்றரை. இப்போது நாலரை. பதின்மூன்று வருடமாக அது வளர்ந்துகொண்டே இங்கே வந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் கரையில் நின்று அதற்குப் புது நம்பர் போட்டிருக்கிறேன்.

ஜன்னலில் தாளைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் வந்து கஞ்சி ஆறிப்போச்சு என்றார்.

ஜனவரி 30

உடும்பன் திரும்பி வரும் என்று பதினைந்து வருடம் கத்தினேன். அது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் காட்ட வேண்டும் என்றால் பத்தொன்பது என்ற கணக்கு பொய் என்றும் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை பீரோவில் வைக்க வழி இல்லை. நேற்று முழுவதும் வழி தேடினேன்.

அந்த ஆபீஸ்காரர் சொன்னது சரி ஆகிவிடுமா? ஆகாது. அவர் என் தப்பைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு தாளுக்கு மேல் அவர் புரட்டவே இல்லை. அவர்மேல் எனக்கு இருப்பது அப்படியே இருக்கும்.

தப்பைக் கண்டுபிடித்தது ஜிஜா. அவளைத்தான் நாலே கால் பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

இன்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். பத்தொன்பது என்றது தப்பு. குறைந்தது பதினொன்று, அதற்கு மேல் எனக்குத் தெரியாது. முன்பு சொன்ன மூன்றும் இடப்பக்கம்தான், அதனால் அவை நிற்கும். அதோடு நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும். பதினொன்றில் ஐந்து திரும்பி வந்தவை. ஏழாம் நம்பரில் கிளீட்டஸ் சொன்னதுதான் சரி. இப்படிக்கு விலாசினி.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதை மடித்துக் கவரில் போட்டேன்.

பிப்ரவரி 1, சனி

பேச்சு வராது என்று தெரியும். அதனால் கடிதத்தை இன்னொரு பிரதி எடுத்துக் கரைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

கிளீட்டஸ் மறுபடி வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"மீன் ஒண்ணுதான், கிளீட்டஸு. தப்பு எனக்க பக்கமாக்கும்."

அவன் தலை நிமிரவில்லை. எழுதித் தருவீங்களா என்றான். கிண்டல்தான். எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று தாளை நீட்டினேன்.

படித்தான். மெதுவாகப் படிக்கிறவன், அது முடியும்வரை நான் நின்றேன். வெயில் ஏறிவிட்டது. பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "எலே, அக்காவுக்கு ஒரு சாயா வாங்கிட்டு வா. நிண்ணு தளந்துபோனா."

கள்ளன் என்று நினைத்ததைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று சாயா முடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19

ஜிஜா வந்தாள். நான் பீரோவைத் திறந்து நோட்டையும் தாள்களையும் அவள் முன்னால் வைத்தேன். உட்காரு மக்கா என்றேன்.

அவள் முதலில் தன் போனைக் காட்டினாள். நாலாம் நம்பரின் இடப்பக்கத்தை மற்றக் கரைகளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். 2021 மார்ச்சில் குஜராத்துக் கரையில் எடுத்த ஒரு படம். எடுத்தவர் ஒரு மீனவர். தன் வலையில் பட்டதை வெட்டி விடுவதற்கு முன்னால் எடுத்தது. படத்தில் அவருடைய கையும் ஒரு கத்தியும் ஓரத்தில் தெரிகிறது.

நான் நாலாம் நம்பர் தாளை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். மூன்று, ஐந்து, தனியாக ஒன்று.

2021 மார்ச்சில் நான் இந்த மிஷினில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தேன். அது அங்கே இருந்திருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் தன் வலையை வெட்டியிருக்கிறார். அவர் வெட்டாமல் இருந்திருந்தால் ஜனவரியில் நான் அந்தக் கண்ணைப் பார்த்திருக்க மாட்டேன். கிளீட்டஸ் வெட்டியதால் இனி அது வேறு எந்தக் கரையில் யாருக்குத் தெரியப்போகிறதோ. நடுவில் எத்தனை ஊர், எத்தனை வலை. ஒவ்வொரு கரையிலும் ஒருவர் தன் பிழைப்பைக் கிழித்து வழி விட்டால்தான் அது போக முடியும். அதற்கு இது எதுவும் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கிறது.

நாலாம் நம்பர் தாளின் ஓரத்தில் குஜராத், 2021 மார்ச் என்று எழுதினேன்.

பிறகு எட்டு வலப்பக்கத் தாளைப் பற்றிக் கேட்டேன். அவை அப்படியே வலது என்றே இருக்கட்டும், மறுபக்கம் என்றைக்காவது கிடைக்கும் என்றாள். எனக்கு அறுபத்தெட்டு வயதாச்சு என்றேன். உடும்பன் நூறு வருடம்கூட இருக்கும் என்கிறார்கள், அதுக்குத் திரிச்சு வர நேரம் உண்டு என்றாள். சிரித்தேன். நோட்டைக் கொண்டுபோகச் சொன்னேன். ரசீது வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

மார்ச் 6

காலையில் ஒரு தெரியாத நம்பர். கொல்லங்கோட்டுக் கரையிலிருந்து ஒருவன், மூச்சு வாங்கப் பேசினான். வலையில் உடும்பன். கிளீட்டஸண்ணன் இந்த நம்பரைத் தந்தாராம். இடப்பக்கம் எடுத்தாச்சு, வெட்டி விடலாமா என்று கேட்டான்.

சுற்றி வந்து மற்றப் பக்கமும் எடு, வாலுப் பக்கம் போகாதே, பிறகு வெட்டு என்றேன்.

மிஷினை நிறுத்திவிட்டு பிரவுன் பேப்பரில் இரண்டு தாள் வெட்டினேன், தனித்தனியாக. படம் வரும்வரை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.